முடிவு வரையப்படாத பிரபஞ்சம்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், ‘இன்னும் முடியல்ல’ சேரைப் போல உயிரை எடுக்கிற இன்னோர் ஆள் கிடைக்கமாட்டார். மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் பௌதிகவியல் ஆசிரியர், நான் சித்திர ஆசிரியர். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதிலையே பிள்ளைகள் பெயராக வைத்துவிட்டார்கள்.

மண்டபத்தின் வெளிச்சுவரில் பிரபஞ்சத்தின் வரலாற்றை வரையும்படி பள்ளிக்கூட அதிபர் என்னிடம் சொன்னார். திறந்துவைக்க வலயக் கல்விப் பணிப்பாளர் வருகிறார். ஊரே பார்க்கப்போகிற என் முதல் ஓவியம். விஷயம் சொல்லித்தர சேரைப் போட்டார்கள். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

பாடப்புத்தகத்தில் உள்ளதுதானே முடிந்த முடிவு என்று அவரிடம் கேட்டேன். அத்திவாரம் நிற்குமாம், மேல்வேலை மாறலாமாம். பிரபஞ்சம் விரிவதையும், ஆதியில் அது கொதித்துக் கிடந்ததையும் அழியாத எனாமலில் வரைய அனுமதி தந்தார். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கு வந்ததும் என் தூரிகையைப் பிடித்துக்கொண்டார். அதை இன்னும் ஒருவரும் பிடித்துக் காட்டவில்லையாம், ஆகவே தண்ணீரில் கரைகிற பெயின்ட் போதுமாம். விரியும் வேகத்தை இரண்டு வழியில் அளந்தால் இரண்டு விடை வருகிறதாம், அதற்குத் துடைத்தால் அழிகிற சோக்குக்கட்டி. விரிவைத் தள்ளுகிற கருஞ்சக்தி காலப்போக்கில் தளர்கிறதோ என்று புதுச் சந்தேகமும் வந்திருக்கிறதாம். அதனால் பிரபஞ்சத்தின் முடிவு வரவேண்டிய இடத்தில் கதவளவு வெறும் சுவர். மழை பெய்யும்போதெல்லாம் கரும்பொருள் கரைந்தோடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் தீட்டுவேன்.

“பாக்கிற ஆக்கள் எனக்கு வேலை தெரியா எண்டுதான் சொல்லுவாங்க சேர்” என்று கெஞ்சியும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

திறப்பு நாளன்று பணிப்பாளர் நேரே அந்த வெறும் சுவருக்குத்தான் போனார். வேலை ஏன் அரைகுறை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சேரைத் திரும்பிப் பார்த்தேன். சேர் முன்னால் வந்தார்.

“ஐயாக்கு வயல் இரிக்கா?”

கரடியனாற்று வட்டையில் கொஞ்சம் இருப்பதாகப் பணிப்பாளர் சொன்னார்.

“சூடடிச்சு அளக்க முதல் இத்தின மூடை எண்டு வாயால சொல்லுவீங்களா?”

எங்கள் பக்கத்தில் களத்து நெல்லை அளக்கும் முன் அப்படிச் சொல்வது ஆகாது. பணிப்பாளர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“இதுவும் அப்பிடித்தான். கதிர் நல்லாத் தெரியிது, இன்னும் அளந்து முடியல்ல. சித்திர சேரில ஒரு பிழையும் இல்ல. அவர் கீறினதெல்லாம் அச்சொட்டா இரிக்கி.”

பணிப்பாளர் சிரித்துக்கொண்டே பக்கத்துச் சுவரில் சாய்ந்தார். காலையில் திரும்பத் தீட்டிய ஈரம் காயவில்லை. கரும்பொருளை உலகத்தில் முதன்முதலாகப் பிடித்தவர் அவர்தான், வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க.

பிறகு சேருக்குப் பனிச்சங்கேணிக்கு இடமாற்றம் வந்தது. சுவரில் அந்த வெறும் இடத்தை நிரப்பும்படி புதிய அதிபர் நச்சரிக்கிறார். பெயின்ட் இல்லையென்று சாதிக்கிறேன். வாளி என் மேசைக்கடியில்தான் இருக்கிறது. அந்த மனிதர் வந்து “இப்ப கீறுங்க” என்று சொல்லாமல் அதில் தூரிகை வைக்க எனக்கு மனம் வரவில்லை.