பாவு போல இழுத்துக் கட்டிய ஜன்னல் திரை

நமக்கு நன்மை செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம், அந்த நன்மையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஆரணியில் ஒரு ஜன்னல் திரையின் பொருட்டு இரண்டு வாரங்கள் யோசித்தும் தெரியவில்லை.

உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று உண்மையாகவே கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வீட்டு உரிமையாளர்தான். தறி பூட்டுவது அவர் தொழில். பட்டுத்தறி மட்டமாக நிற்காவிட்டால் புடவை கோணிவிடும் என்பதால், கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றை எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருப்பார். தெருவே அவரை ‘ரசமட்டம்’ என்றுதான் அழைத்தது. ஒரு திருமணப் பந்தியில் பாயசம் இலையின் ஓரத்துக்கு ஓடியபோது, மற்றவர்கள் அதைக் கையால் தடுத்தார்கள். இவரோ மேசைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, வரிசை முழுவதையும் எழுப்பி நிற்கவைத்து, மேசைக்காலுக்கு அட்டை கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தாமே முன்நின்று பூசவைத்த சுவர்களில் அவர் ஆணி அடிக்க விடமாட்டார். இந்தச் சட்டம் வாடகைதாரர்களுக்கு மட்டுமல்ல. அவருடைய வீட்டிலேயே கல்யாணப் புகைப்படம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், வருகிறவர்கள் நிற்பார்கள்.

என் மனைவி கல்பனா செவிலியர். இரவுப் பணி, பகலில்தான் உறக்கம். எங்கள் படுக்கையறை ஜன்னலோ கிழக்கு பார்த்தது. ஆகவே திரை எங்களுக்கு அலங்காரம் அல்ல, அத்தியாவசியம். ஆணி கூடாது என்பதால், ஒட்டிக்கொள்ளும் கொக்கிகளை வாங்கி வந்தேன். இரண்டாம் நாளே திரையோடு உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப்பூச்சும் பெயர்ந்து விழுந்தது. அவர் வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“தோலு உரிஞ்சிகினு வந்துட்சே சார்.”

“மன்னிச்சிடுங்கண்ணா.”

“உங்கள சொல்லி என்னா. கடைக்காரன் சுவத்த பாத்தா வித்தான்? உடுங்க, நான் கட்டித் தரேன். ஒரு ஆணி கெடையாது.”

மறுநாள் இரண்டு மரக்கோல்களோடு வந்தார். கோல்களின் முனைகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, ஜன்னல் மாடத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே இறுக்கிப் பொருத்தினார். சுவரில் ஒரு கீறல் இல்லை. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் மேலே ஒரு கோல், கீழே ஒரு கோல் என்று வைத்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துப் பூட்டுவதைப்போல் திரையை இரண்டுக்கும் இடையே விறைப்பாகக் கட்டிவிட்டார். சுண்டினால் மேளம்போல ஒலித்தது.

“அண்ணா, இத எப்படி தொறக்கறது?” என்றாள் கல்பனா.

“ஏம்மா தொறக்கணும்?”

“காத்து வரவேணாமா?”

“காத்து வந்தா துணி ஆடும். ஆடுனா துணியா அது? கொடில காயிற லுங்கி.”

அறை இருண்டது. அவள் உறங்கினாள். பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

“வெயில் ஏறிகினு இருக்குது சார். பாவு வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி. ஒரு தபா பாத்துட்டு போயிடறேன்.”

இரண்டு மணிக்கு மேகம் வந்தது, அவரும் வந்தார். வானிலை மாறும்போதெல்லாம் பாவின் இழுவையைத் தொட்டுப் பார்ப்பது நல்ல தறிக்காரருக்கு அழகு. ஆனால் எந்தப் பாவுக்குப் பின்னாலும் ஒரு செவிலியர் உறங்கிக்கொண்டிருப்பதில்லை. நாள்தோறும் இரண்டு முறை அவள் எழுப்பப்பட்டாள்.

நான் ஒரு பேச்சைத் தயாரித்தேன்: நன்றி மூன்று வாக்கியம், வேண்டுகோள் ஒரு வாக்கியம். அவர் மனம் புண்படுமா, வேறு வீடு தேட நேருமா என்று ஒவ்வொரு விளைவையும் எடைபோட்டேன். பிறகு அவரிடம் தொடங்கினேன். மூன்று நன்றிகளும் தடையின்றி வந்தன. நான்காவது வாக்கியத்துக்கு நான் மூச்சு வாங்குவதற்குள் அவர் நெகிழ்ந்துபோய், “அப்ப காலைலயும் ஒரு தபா வரேன் சார்” என்றார்.

“நீங்க பேசிக் கிழிச்சது போதும்,” என்றாள் கல்பனா. அன்றுமுதல் கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

ஒரு காலையில் அவள் வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஒரு நோயாளியிடம் பக்கத்துக் கட்டிலின் மாத்திரையை நீட்டிவிட்டாளாம்.

“அந்தம்மாவே, எனக்கு இது இல்லியேன்னாங்க. தூக்கக் கலக்கத்துல அவங்க வாங்கிப் போட்டுகினு இருந்தா? இன்னொரு வாரம் இப்படிப் போச்சுன்னா நான் வேலைய உட்டுடுவேன்.”

அன்றும் பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நான் கொல்லையிலிருந்து வருவதற்குள் அவளே திறந்திருந்தாள். அவர் மேகத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவள் கதவில் தலையைச் சாய்த்து, நின்றபடியே உறங்கிப்போயிருந்தாள். அவர் பாதிச் சொல்லில் நிறுத்தினார்.

“எத்தினி நாளா சார் இப்படி?” குரல் தாழ்ந்திருந்தது.

தயாரித்த பேச்சில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. “நீங்க வந்து பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்துண்ணா.”

வாசற்படியிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார். “ரெண்டு வாரமா நான்தான் பேஜாரு பண்ணிகினு இருந்தனா? ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா சார்?”

கல்பனாவைக் கூடத்தில் படுக்கவைத்தேன். அவர் சத்தமில்லாமல் அறைக்குள் போய்க் கீழ்க்கோலைக் கழற்றினார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். திரை தளர்ந்து விழுந்து, காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அதைச் சரிசெய்ய உயர்ந்த அவர் கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

“தொங்கட்டும். தளந்த துணிக்குக் காவலு வேணாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்ல வேண்டியதை இப்போதெல்லாம் நான் அன்றன்றே சொல்லிவிடுகிறேன். கல்பனா மாலை நான்கு மணி வரை உறங்குகிறாள். திரை கோணலாகத்தான் தொங்குகிறது. அவர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல், எதிர்வரிசை வீடுகளைப் பார்த்தபடியே நடக்கிறார்.