அனெக்ஸ் அண்ணை பார்த்த உலகங்கள்

இந்த உலகத்தையும் சேர்த்து இத்தனை உலகங்களுக்குக் குறை சொன்ன மனிதர் அனெக்ஸ் அண்ணையைத் தவிர இன்னொருவர் இருக்க முடியாது. கடவுளே உலகத்தைப் படைத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாலும், "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் லொட்ஜ். நானும் நளீமும், கொட்டாஞ்சேனையில் சொந்த வீடு இருந்தும் பஸ்ஸில் வந்துபோகப் பஞ்சிப்பட்ட ஜூட்டும் ஒரே அறை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணை. வீட்டுப் புரோக்கர். பாமன்கடை வரைக்கும் அவருக்குத் தெரியாமல் ஒரு அனெக்ஸ், அதாவது பெரிய வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடும் சிறு வீடு, காலியாகாது. அவருடைய சொந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியாது. மனிதர் ஓரிடத்தில் நிற்கமாட்டார், உட்காரவும் மாட்டார். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து நடந்துதான் சாப்பிடுவார். பார்க்கிற எங்களுக்குக் கால் உளையும்.

நளீமுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. அவன் போகுமுன் கம்ப்யூட்டர் கேம் ஒன்றில் நல்ல உலகமாகப் பிடித்து, மூவரும் சேர்ந்து ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது திட்டம். லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் அவன் அங்கிருந்தே அந்த வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லாவிட்டால், பிரிந்துபோன கூட்டாளிகள் எல்லாரையும்போல நாங்களும் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பும் ஆட்களாகிவிடுவோம். அந்தப் பயம் மூவருக்குமே இருந்தது.

கேம் இதுதான். வெறுங்கையோடு ஒரு புது உலகத்தில் இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, இருட்டுமுன் ஒரு வீடு கட்டாவிட்டால் பேய்கள் வந்து கதையை முடித்துவிடும். இறங்கிய இடம் பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு வேறு உலகம் கேட்கலாம். இந்த வசதிதான் எங்களுக்கு வினையாகப் போனது.

"நல்ல இடமாப் பார்க்கணும் மச்சான். தண்ணி இருக்கணும். கடல் பக்கம்னா இன்னும் நல்லம்" என்று ஜூட் பல்கனியில் நின்று சொன்னதுதான் தாமதம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணை எங்கள் அறைக்குள் நின்றார்.

"ஃபமிலியோ, பச்சிலரோ?"

"அண்ணே, இது கேம்!"

"எதெண்டாலும் இடம் இடம்தானே. காட்டு பாப்பம்."

முதல் உலகம் பச்சைப் புல்வெளி, பக்கத்தில் ஆறு. நளீம் கைதட்டினான். அண்ணை கதிரையைச் சுற்றி நடந்தபடியே சூரியன் எங்கே எழும்புகிறது என்று விசாரித்தார். "மேற்கில மலை. பின்னேரக் காத்து வராது. வேற காட்டு."

அடுத்த உலகத்தில் நிலத்துக்குக் கீழே நெருப்புக் குழம்பு. "கீழ்வீட்டுக்காரர் சரியில்லை." பிறகு ஒரு தீவு. "பஸ் இல்லை." காடு வந்தபோது, "இலை கூட்டியே சீவியம் போயிடும்." ஓரிடத்தில் பேய்கள் வந்து கதவைத் தட்டின. "கண்ட கண்ட ஆக்கள் வந்துபோற ஏரியா. பொம்பிளைப் பிள்ளையளோட இருக்கேலாது" என்றார். எங்களிடம் ஏது பொம்பிளைப் பிள்ளை?

ஒரு உலகத்தில் கிராமமே இருந்தது. பெரிய மூக்குள்ள பொம்மைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. "இது ஃப்ளாட் கமிட்டி. சுவரில ஒரு ஆணி அடிக்க விடமாட்டினம்" என்றார் அண்ணை. என்றாலும் தொழில் புத்தி விடவில்லை. திரையிடம் குனிந்து, "மல்லி, மே கெதர குலியட்ட தெனவத?" என்று வீடு வாடகைக்குக் கிடைக்குமா எனச் சிங்களத்தில் கேட்டார். பொம்மை மூக்கால் "ம்ஹ்ம்" என்றது.

"பாத்தியளோ, விருப்பமில்லை. அடுத்தது!"

அவருக்குத் தெரியாமல் விளையாடவும் வழியில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "தண்ணிச் சத்தம் கேக்குது, பைப் லீக்கோ?" நளீமின் சூட்கேஸ் நிரம்பிக்கொண்டு வந்தது. எங்களுக்கு இன்னும் நிற்க ஒரு சாண் நிலமில்லை.

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஓர் உலகம் வந்தது. ஆறு, காற்று வரும் திசையில் வெளி, ஓரமாக ஒரு மாடு. அண்ணை நடப்பதை நிறுத்திவிட்டுத் தேடு தேடென்று தேடினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"சரி, பால் காய்ச்சுங்கோ. பால் பொங்காமல் குடிபோறதோ?"

ஜூட் ஓடிப்போய் அந்த மாட்டிலேயே வாளியில் பால் கறந்தான். கேமில் அடுப்பும் இருக்கிறது. ஆனால் அந்த அடுப்பு இறைச்சியைச் சுடும், மண்ணைச் சுடும், பாலை மட்டும் தொடாது.

"அப்ப இஞ்ச காய்ச்சுவம்" என்று அண்ணை பால் பாக்கெட்டும் மின் கேத்தலுமாக வந்தார். தண்ணீர் மட்டும் கொதிக்கவைக்க வேண்டிய கேத்தல் அது. கிழக்குப் பார்த்து வைத்தார். பால் பொங்கியது. பொங்கிய பால் நேரே பிளக்கில் இறங்கியது. டப்!

மாடி முழுக்க ஃபேன் நின்றது. இன்டர்நெட்டும் போனது. கீழிருந்து மனேஜர், "ஆரடா அது?" என்று கத்தினார். நளீம் அதைவிடச் சத்தமாகக் கத்தினான்.

"அண்ணே, நாளைக்கி நான் போற! இத்தன ஒலகம் காட்டியாச்சி. ஒங்களுக்கு ஏன் ஒரு எடமும் சரிவருதில்ல?"

பால் துடைத்த துணியோடு அண்ணை கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

"எல்லாம் நல்ல இடந்தான் தம்பி" என்றார். "வீடு பாக்கேக்க சனம் விடிய எழும்பி எனக்குத்தான் கோல் எடுக்கும். அண்ணை எங்க நிக்கிறியள், சாப்பிட்டீங்களோ எண்டெல்லாம் கேக்கும். வீடு சரிவந்திட்டா, ரோட்டில கண்டாலும் தெரியாத மாதிரிப் போகும்."

அவர் எழுந்து சாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பால் பொங்கிட்டுது. குடிபோங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கரண்ட் வந்ததும் வீட்டைக் கட்டினோம். ஆற்றைப் பார்த்த ஜன்னல், மூன்று கட்டில், நல்ல கூரை. அண்ணை எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது ஒருமாதிரியாக இருந்தது. அவர் குறை சொல்லாத வீட்டில் இருக்க மனம் வரவில்லை.

நளீம் போனபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம், நானும் ஜூட்டும் கேம் வீட்டில் காத்திருந்தோம். அவன் வந்தான். வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்தான். பிறகு அசையாமல் நின்றுவிட்டான். என்னடா என்று பார்த்தால், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோன் அடித்தது.

"ஆர், நளீமோ? ஓம் தம்பி, சாப்பிட்டனான். என்ன, கூரை ஒழுகுதோ? நினைச்சனான்! பொறு பொறு, வேற இடம் பாப்பம்!"

செருப்புச் சத்தம் எங்கள் கதவை நோக்கி ஓடி வந்தது. நான் அவசர அவசரமாக அந்த உலகத்தை அழித்தேன்.

அந்த கேமில் எந்தக் கூரையும் ஒழுகாது. இது நளீமுக்கும் தெரியும், ஜூட்டுக்கும் தெரியும். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் அண்ணை எங்களுக்கு இடம் பார்க்கிறார். நல்ல உலகம் எதுவும் எங்களுக்கு அமைந்துவிடக் கூடாது என்பதில் நாங்கள் மூவரும் மிகக் கவனமாக இருக்கிறோம்.