காற்றைப் படம் பிடித்த தும்பி அங்கிள்

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வெறும் காற்றை இவ்வளவு அழகாகப் படம் பிடித்தவர் தும்பி அங்கிளைத் தவிர வேறு யாருமில்லை. வெயில் பட்ட காற்று, மேகம் மூடிய காற்று, குளத்துக்கு மேலே காற்று என்று வகைவகையாக வைத்திருந்தார். அவர் எடுக்க நினைத்தது என்னவோ பறக்கும் தும்பியை.

கிள்ளானில் எங்களுக்குப் பக்கத்து வீடு. துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. பட்டனை அமுக்கினால் அது உடனே எடுத்துவிடாது. முதலில் யோசிக்கும், மூக்கை முன்னும் பின்னும் நீட்டும், பிறகு மனசு வந்தால் 'கிளிக்' என்னும். அதற்குள் தும்பி சுபாங் ஜெயாவைத் தாண்டியிருக்கும்.

“இதப் பாரு தம்பி, இப்பதான் போச்சு!” என்று தெருவில் நிறுத்திக் காட்டுவார். திரையில் வானம் மட்டும் இருக்கும்.

“எங்க அங்கிள்?”

“இங்கதான் இருந்துச்சு லா!”

“போன்ல எடுத்துப் பாருங்களேன்.”

“போனு பேசுறதுக்குய்யா.”

அந்தப் போனும் பாதி நேரம் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்பது வேறு விஷயம்.

கார் வைத்திருந்த பாவத்துக்கு, ஞாயிறு காலை நான்தான் அவரை ஏரிக்கு ஏற்றிப்போக வேண்டும். அவர் தும்பியைத் துரத்துவார். ஜாகிங் வந்தவர்கள் அவரைப் பார்த்துப் பாதை மாறி ஓடுவார்கள். ஒருமுறை சேற்றில் இடுப்பு வரை இறங்கிவிட்டு, கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கி, “மொதல்ல இதப் புடி!” என்று கத்தினார். பிடித்தேன். அவரையும் பிடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அவர் மனைவி, எங்கள் ஆன்டி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது தீர்ப்பு வந்துவிட்டது.

“திங்கக்கெழம பழைய பேப்பர் லோரி வருது. அதுக்குள்ள ஒரு தும்பியாச்சும் படத்துல விழல, இந்தச் சனியன் லோரியில ஏறிடும்!”

அங்கிளின் முகம் செத்துவிட்டது. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று ஆன்டியே வந்து என்னிடம் வருத்தப்பட்டார். தண்டனையை மட்டும் குறைக்கவில்லை.

கடைசி ஞாயிறு, கள்ளாட்டம் நடக்காமல் பார்க்க ஆன்டியும் கூட வந்தார். அன்று அங்கிள் எதையும் துரத்தவில்லை. தும்பி சுற்றிச் சுற்றி ஒரே குச்சிக்குத்தான் திரும்பி வருகிறது என்பதை இத்தனை காலம் கழித்துக் கண்டுபிடித்திருந்தார். என்ன ஞானம்! குச்சியிலேயே ஃபோகஸை நிறுத்திவிட்டு, தும்பி வருவதற்கு முன்னாலேயே பட்டனை அமுக்கிவிடுவது என்று திட்டம். கேமரா யோசித்து முடிக்கும்போது தும்பி வந்து சேர்ந்திருக்குமாம்.

குச்சிக்கு நேர் பின்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு ஆன்டி.

“கொஞ்சம் நகரும்மா, படத்துல விழுற.”

“கல்யாணம் கட்டுனதுலேர்ந்து என்னைய ஒரு படம் எடுத்திருப்பீங்களா? இப்ப நகரணுமா? முடியாது! ஒங்க தும்பிய நகரச் சொல்லுங்க!”

தும்பி வட்டமடித்தது. அங்கிள் அமுக்கினார். கேமரா யோசித்தது. ஆன்டி திட்டுவதை நிறுத்தவில்லை. கிளிக்.

திரையைப் பார்த்த அங்கிள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். குச்சிக்கு ஒரு விரல் மேலே, நாலு இறக்கையும் விரிய, அந்தரத்தில் ஒரு சிவப்புத் தும்பி. பின்னாலேயே, அதே தெளிவில், வாயைப் பிளந்து கையை நீட்டித் திட்டும் ஆன்டி.

“அலாமாக்! பேய் மாதிரி இருக்கேன். அழிங்க மொதல்ல!”

“நீயும் தும்பியும் சேர்ந்து விழுந்த படம்மா. என்னைய வேணா லோரியில ஏத்து, இத அழிக்க மாட்டேன்.”

ஆன்டி வாயை மூடினார். நானறிய அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை லோரி வந்தது. ஆன்டி ஓடாத மேசைக் காத்தாடி ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். படம் பெரிதாகி ஹாலில் மாட்டப்பட்டது.

விட்டதடா தொல்லை, இனி ஞாயிறு தூங்கலாம் என்று சனிக்கிழமை ராத்திரி படுத்தேன். விடிந்ததும் விடியாததுமாக அங்கிள் கேட்டைத் தட்டுகிறார்.

“தம்பி, செவப்பா இருந்தா ஆம்பளத் தும்பியாம். பொம்பளயயும் எடுத்தாத்தானே மரியாத?”

அவருக்குப் பின்னால் புதுச் சேலை கட்டி, பவுடர் பூசி, ஆன்டி தயாராக நின்றிருந்தார்.

இப்போது இருவரும் மகளோடு ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் குடிபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கலாம்தான், தூக்கம் வந்தால். அந்த மனிதர் இல்லாத காலை எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் பொறுக்கமாட்டாமல் நானே போன் போட்டேன்.

“அங்கிள், அங்க பக்கத்துல ஏரி கீரி ஏதும் இருக்கா?”