ரசகுல்லா பிழிந்த கை

என் கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. (கொஞ்சம் என்பது மரியாதைக்கு.) கல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த முப்பது வருஷமும், எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் எண்ணெய் இந்தக் கைதான் தேய்க்கும். "தூத்துக்குடியம்மா கை பட்டால் பிள்ளை கொழுகொழுவென்று வரும்" என்பார்கள். அந்தக் கையால்தான் ஒரு நாள் ஆஸ்பத்திரியையே ஓட வைத்தேன்.

என் மருமகள் ரூமா வங்காளிப் பெண். கல்கத்தா டாக்குரியாவில் எங்களோடுதான் இருக்கிறாள். என்னை "மா" என்பாள். நல்ல தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் வங்காளம். அவளுக்கு ஏழாம் மாசத்தில் சர்க்கரை என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற சர்க்கரையாம், பிரசவம் ஆனால் பெரும்பாலும் போய்விடுமாம். தினம் நாலு தடவை விரலைக் குத்தி மெஷினில் பார்ப்பாள். ஊசி வேறு போட்டுக்கொள்வாள்.

"மசக்கைக்காரிக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் ஊசியைக் கொடுக்கிறீர்களே" என்று சண்டை போட்டேன்.

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றான் என் மகன் முருகேசன்.

சும்மா இருக்கிற ஆளா நான்? மிட்டாய்க் கடையைத் தாண்டும்போதெல்லாம் ரூமாவின் முகம் வாடும். பார்க்கச் சகிக்கவில்லை. யோசித்தேன். ரசகுல்லாவில் இனிப்பு எங்கே இருக்கிறது? பாகில். பாகைப் பிழிந்துவிட்டால்? வெறும் பால்கட்டி! (இது எந்த டாக்டருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.) முருகேசன் ஆபீஸ் போனதும் ஒரு ரசகுல்லாவை உள்ளங்கையில் வைத்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி ஒட்டப் பிழிந்து நீட்டுவேன்.

"சர்க்கரையே கிடையாது. சாப்பிடு தாயி."

அவள் ரசகுல்லாவைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். சாப்பிடுவாள். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, "லேக் வரைக்கும் நடந்துட்டு வரேன், மா" என்று கிளம்பிவிடுவாள். காற்று வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பெண் குழந்தை பிறந்தது. நாலு கிலோ நூறு! கையில் மடிப்பு, தொடையில் மடிப்பு, கழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நர்ஸிடம், ஆயாவிடம், லிஃப்ட்காரரிடம்கூடச் சொன்னேன்: "எல்லாம் என் கை."

குழந்தைக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும், பால் கொடுக்கும் முன்னால் குதிகாலில் குத்துவோம் என்றார்கள். முதல் தடவை நன்றாக இருந்தது. அதற்குள் முருகேசன் ஒரு மண்சட்டி நிறைய ரசகுல்லா வாங்கி வந்தான். எல்லோருக்கும் கொடுத்தேன். பெற்ற களைப்பில் கிடக்கிறவளுக்குப் பழக்கப்படி நாலைப் பிழிந்து வைத்தேன். பக்கத்தில் குழந்தை துணியை உதைத்துக் காலை நீட்டியது. பன் மாதிரி ஒரு பாதம். மனசு கேட்குமா? அந்தக் குதிகாலை இரண்டு கையாலும் பொத்திக் கொஞ்சினேன்.

நர்ஸ் வந்தாள். பஞ்சால் அவசரமாய் ஒரு துடைப்பு, ஒரு குத்து. மெஷினைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

எனக்கு எழுத்துதான் தகராறு, எண் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு. ரூமாவுக்கு நூற்று அறுபது வந்தாலே வீடு நடுங்கும்.

நர்ஸ் ஓடினாள். டாக்டர் ஓடி வந்தாள். குழந்தையைத் தூக்கிப்போகத் தள்ளுவண்டி வந்தது. ரூமா எழுந்து உட்கார்ந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "மா, நான் சாப்பிட்டதுதானா? என்னாலதானா?" என்று அழுதாள்.

அந்த டாக்டர் என் மகனைவிடச் சின்னவள். குழந்தையின் காலைத் தொட்டாள். விரல் ஒட்டியது. காலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மாஷிமா, ஹாத் தேக்கான்." பெரியம்மா, கையைக் காட்டுங்கள் என்கிறாள்.

நீட்டினேன். பாகு காய்ந்து பளபளத்தது.

யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் குத்தினார்கள். முப்பத்தாறு. அப்பாடா, இறங்கிவிட்டது என்றேன். டாக்டர் முகம் இன்னும் கறுத்தது. ஒரு குழாயிலிருந்து இனிப்புக் களிம்பை எடுத்துக் குழந்தையின் கன்னத்துக்குள்ளே தடவி, தாய் மார்பில் போட்டாள். (நான் காலில் தடவினேன், அவள் கன்னத்தில் தடவினாள். இடம் தெரிந்து தடவுவதற்குத்தான் படிப்பு.)

மறுபடி பார்க்க அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"அம்மாவோட சர்க்கரை கொடி வழியாப் பிள்ளைக்குப் போகும், மாஷிமா. அதைச் சமாளிக்கப் பிள்ளை தன் உடம்பிலேயே இன்சுலினை நிறையச் சுரக்கும். அந்த ஹார்மோன்தான் பிள்ளையை இப்படி வளர்த்துக் கொழுப்பைச் சேர்க்குது. இந்த மடிப்பெல்லாம் அதோட வேலை. கொடியை வெட்டினதும் சர்க்கரை வரத்து நின்னுபோச்சு. சுரக்கிறது உடனே நிக்குமா? அதான் சர்க்கரை சரசரன்னு இறங்குது. ரொம்பக் கீழே போனா பிள்ளைக்கு ஆபத்து."

என் கையைக் காட்டி, "உங்க கையிலே பாகு கம்மியா இருந்திருந்தா மெஷின் எழுபதுன்னு காட்டியிருக்கும். நல்லாயிருக்குன்னு நாங்களும் போயிருப்போம்" என்றாள்.

அந்தச் சொல் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. பிழிந்து கொடுத்த கதை முழுவதையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

"பிழிஞ்சாலும் ரசகுல்லா ரசகுல்லாதான்" என்றாள் டாக்டர்.

"எனக்குத் தெரியும், மா. அதனாலதான் தினம் லேக்கைச் சுத்தினேன்" என்றாள் ரூமா.

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டே?"

"பிழியறப்போ உங்க முகத்தை நீங்க பார்த்திருந்தா கேக்க மாட்டீங்க."

அப்போதுதான் நான் அழுதேன். அரைமணி கழித்து ஐம்பத்தெட்டு வந்தது. டாக்டர் சிரித்தாள். நர்ஸ் மண்சட்டியை எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை தியாவுக்கு இப்போது எட்டு வயசு. முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. எனக்குத்தான் சர்க்கரை வந்துவிட்டது. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் என் விரலைக் குத்துவது அவள் வேலை. மெஷினைத் தொடும் முன் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"ஆச்சி, ஹாத் தேக்காவ்."

இரண்டு கையையும் நீட்டுவேன். திருப்பச் சொல்வாள். ஒவ்வொரு விரலாக மோந்து பார்ப்பாள். ஊரெல்லாம் பேர் வாங்கிய கை! "சோப்பு வாசனைதான்" என்று அவள் பாஸ் போட்ட பிறகுதான் ஊசி.

அடுப்படியிலிருந்து ரூமா குரல் கொடுப்பாள்: "இன்னொரு தடவை மோந்து பாரு தியா. அந்தக் கையை நம்பாதே!"