பள்ளிக்கூட மாப்பிள்ளை

ஜொகூர் மாநிலத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அவரளவுக்கு அலைந்த தகப்பன் வேறு யாரும் கிடையாது. இத்தனைக்கும் சேர்க்க வேண்டிய பிள்ளை அவர் வீட்டிலேயே இல்லை.

கூலாயில், எங்கள் தாமான் குடியிருப்பில், எனக்கு அடுத்த வீட்டுக்காரர். செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. வேலையில் கெட்டிக்காரர் என்றுதான் கேள்வி. வீட்டுக்கு வந்துவிட்டால், கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று கேட்டால்கூட "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். ஜன்னல் திரைக்கு நிறம் பார்க்க ஆரம்பித்தார். மகள் பிறந்து, தவழ்ந்து, நடக்கும்வரை வெறும் ஜன்னல்தான். ஒருநாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. மகளோடு லாபிஸில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். காரில் ஏறும்போது அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"புள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்னு இது ஒண்ணையாச்சும் நீங்களா முடிவு பண்ணுங்க. பண்ணிட்டு போன் போடுங்க. வந்துடுறோம்."

அவ்வளவுதான். பள்ளி முடிவானால் குடும்பம் திரும்பி வரும். தப்பான பள்ளியைச் சொல்லிவிட்டால் வராமலே போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. மனிதர் பள்ளி பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெண் பார்க்கப் போகிற மாதிரிதான் போவார். தேய்த்த முழுக்கைச் சட்டை, முகத்தில் பவுடர், வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். அதனால்தான் தாமானில் அவருக்குப் பள்ளிக்கூட மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. ஒவ்வொரு பள்ளியையும் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக் கேட்டுக்கு வருவார். என் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். அதனால் தீர்ப்பு சொல்ல எனக்கு நேரம் நிறையவே இருந்தது.

முதலில் சீனப் பள்ளி. அங்கே படித்தால் பிள்ளை கெட்டிக்காரியாக வருவாள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று இவரே மாண்டரின் படிக்க உட்கார்ந்துவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலமானால் அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று சீனத்தில் எண்ணும் சத்தம் கேட்கும். ஏழு வந்தால் நின்றுவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டதால், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் எட்டை எடுத்துக் கொடுப்பேன். அவர் படித்தாரோ இல்லையோ, இன்றைக்கும் சந்தையில் நான் மாண்டரினில்தான் காய்கறி வாங்குகிறேன்.

தேசியப் பள்ளியில் திடல் பெரிதாக இருந்தது. அது நல்லதா, பிள்ளை ஓடி விழுந்துவிடுமா என்று யோசித்ததில் ஒரு மாதம் போயிற்று. அனைத்துலகப் பள்ளியில் ஏசி குளிரில் உட்கார வைத்து, உங்கள் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று ஒரு அம்மா கேட்டாராம். இவர் சொல்ல ஆரம்பித்தார். ரொட்டியில் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் பசியாறுவாள், இடி இடித்தால் என் சட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வாள் என்று. முடிக்கவே இல்லை. கடைசியில் அந்த அம்மா டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாராம். "குளிர்ல மூக்கு ஒழுகிடுச்சு அக்கா" என்றார் என்னிடம். நானும் ஆமாம், ஏசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்தேன்.

தமிழ்ப்பள்ளியில்தான் கூத்து. வேடிக்கை பார்க்கப் போன அன்றைக்கு அங்கே கோத்தோங் ரோயோங். பெற்றோர்கள் கூடிப் புல் வெட்டி, சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துப்புரவுப் பணிக்கும் முதல் ஆளாக நின்றார். மின்விசிறி எல்லாவற்றையும் பழுது பார்த்தார். ஒருநாள் பணி முடிந்த கையோடு நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவரையே துணைத்தலைவராக முன்மொழிந்து, கை தட்டி, தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். பெயர் எழுதும்போது தலைமையாசிரியை பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறார்.

"இன்னும் வரல டீச்சர்."

மண்டபமே சிரித்ததாம். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டையில் சாயக் கறையோடு என் கேட்டில் வந்து நின்றார். "முடிவு பண்ணிட்டேன் அக்கா. தமிழ்ப்பள்ளிதான். மத்த எடத்துல எல்லாம் புள்ளைக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க. இந்த டீச்சர் மட்டும், வரட்டும், எடம் இருக்குன்னாங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே போன் போடச் சொன்னேன். தனியாகப் பேசப் பயமாக இருக்கிறது என்று என் கேட்டிலேயே நின்று ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க எங்க முடிவு பண்ணப் போறீங்கன்னு நான் இங்க லாபிஸ் பள்ளிக்கூடத்துலயே பேரைப் பதிஞ்சிட்டேன்" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை.

அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு மெதுவாக, "நல்ல பள்ளிக்கூடமா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும். நீங்களே வந்து பாருங்க."

போனை வைத்துவிட்டாள். அலமாக்! ஐயோ, மறுபடியும் யோசிச்சுச் சொல்றேன் என்று தொடங்கப் போகிறார் என்று நான் தயாரானேன். அவர் நேராக வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான், திரும்பவே இல்லை. செனாய் வேலையை விட்டுவிட்டு லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு போனில் சொன்னார். பின்னால் மகள் பேசுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் இப்போது வேறு குடும்பம். நல்ல மனிதர்கள், எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

திரை நிறத்திலிருந்து எல்லாவற்றுக்கும் என்னிடம் யோசனை கேட்டவர், அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. நல்லதுதான். கேட்டிருந்தால், போய் வா தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.