எல்லை தாண்டிய காசித்தும்பை

உலகச் சமாதானத்துக்கு வழி தேடி அலைகிறவர்கள் நேரே எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து சுவரைப் பார்க்கலாம். அதை எழுப்பிய மேதைகள் இருவரில் ஒருவர் என் வீட்டுக்காரர் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இவர் முப்பத்தாறு வருஷம் அலுவலகக் கண்காணிப்பாளர். ஓய்வு பெற்றதும் ஆட்களுக்குப் பதில் காசித்தும்பையைக் கண்காணிக்கத் தொடங்கினார். செடிக்கு ஒரு எண். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோப்பு. தண்ணீர் ஊற்றும் "சில்லறை வேலை" மட்டும் என்னுடையது. அதற்காக நான் வருந்தியதே இல்லை. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் வாளியோடு வந்துவிடுவாள். அக்கா, பின்வீட்டு சர்வேயரின் மனைவி. காது மந்தம், என் வாயைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். போன் உதவாது. அவர்கள் வாசலோ அடுத்த தெருவில். சுற்றிப்போக எங்கள் இருவர் முழங்காலும் சம்மதிப்பதில்லை.

"என்னடி, இன்னிக்கும் அவர் வாயத் திறக்கலையா?"

"திறந்தாரே. 'பதினாலாம் நம்பர் வாடுது'ன்னார்."

"கொடுத்து வச்சவ. எங்க வீட்ல அதுகூட இல்ல."

வாளி காலியாகி அரை மணி ஆன பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்டதும் வெடிக்கும், விதை தெறிக்கும். அப்படித் தெறித்த ஒன்று சுவர் தாண்டி முளைத்து, சிவப்பாகப் பூத்தும் தொலைத்தது.

"அது எங்க செடி," என்றார் இவர்.

"நிக்கிறது எங்க மண்ணு," என்றார் சர்வேயர், டேப்பை நீட்டியபடி.

"விதை எங்களோடது சார்!"

"அப்ப அத்துமீறி நுழைஞ்சதை ஒத்துக்கறீங்க!"

இவர் "விளக்கம் கோரி" கடிதம் எழுதினார். சர்வேயர் வரைபடம் இணைத்துப் பதில் தந்தார். தபால் இலாகா நானும் அக்காவும்தான், சுவர்மேல் கைமாற்றிக்கொள்வோம்.

"என்னடி எழுதியிருக்கு இதுல?"

"'இனி இத்தகைய முளைப்பு நிகழாவண்ணம் விதைகளுக்கு அறிவுறுத்துக.'"

அக்கா சிரித்துச் சாய்ந்ததில் இன்னொரு காய் வெடித்தது.

அதன்பின் கூடியதுதான் அந்த "உயர்மட்டப் பேச்சுவார்த்தை". இரண்டு நாற்காலி, மூன்று மணி நேரம். சுவரை ஏழடிக்கு உயர்த்துவது என ஏகமனதாகத் தீர்மானம்.

"அக்கா முகம் தெரியாதுங்க," என்றேன்.

"கூட்டத்துல எடுத்துக்காத விஷயத்தை இப்பக் கொண்டு வராத."

கட்ட வந்த மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். "நடுவுல சின்னதா ஒரு ஜன்னல் விடட்டுமாம்மா?"

"விதை பூந்துடும்!" என்றார்கள் இரு தரப்பும், ஒரே குரலில். அத்தனை ஒற்றுமை!

நாலு நாளில் சமாதானம் பூசி முடிக்கப்பட்டது. இன்று காலை வாளியோடு போய் நின்றேன். அப்பாலிருந்து அக்காவின் குரல்.

"அடியே, இங்க எட்டுக் கன்னு புதுசா முளைச்சிருக்குடி! இருக்கியா?"

"இருக்கேன்க்கா!"

"இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா!" தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏண்டி, இருக்கியா?"

பின்னால் காலடிச் சத்தம். கோப்பும் கையுமாக இவர்.

"எட்டுன்னா சொன்னாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அக்காவுக்காவது காது மந்தம்.