மாமனார் அமுக்கிப் பிடித்த ரிசீவர்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் சொல்லித் திரிந்ததை முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான். நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பில் அடிக்கும் கம்ப்யூட்டருடன் எனக்கு அப்போது ஒரு வருடப் பழக்கம். அந்தத் தைரியத்தில் தார்நாகாவில் இருந்த எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கி, போன் லைனில் மோடத்தையும் மாட்டிவிட்டேன்.

அமெரிக்காவில் என் மச்சினன் ரவிக்குப் பெண் குழந்தை பிறந்து, முதல் போட்டோவை ஈமெயிலில் அனுப்பியிருந்தான். "வாங்க, அஞ்சே நிமிஷத்துல பேத்தியைக் காட்டறேன்" என்று மாமனார் மாமியாரை வரவழைத்தேன். (அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான்.) மாமியார் பட்டுப்புடவையில் வந்திருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், முழுக்கைச் சட்டையில்.

திரை கேட்ட கட்டங்களை எல்லாம் நிரப்பி, டயல் பொத்தானை அமுக்கினேன். மோடம் ஏதோ முனகியது. 'லைன் பிஸி' என்றது திரை. மறுபடியும் அமுக்கினேன். பிஸி.

"ரிசீவரை யாரோ சரியா வைக்கலை."

என் மனைவி உஷா போய்ப் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு!"

"மாமா, நீங்க கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுக்குங்க."

மாமனார் போன் அருகே நின்று, ரிசீவரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். அப்போதும் பிஸி.

"அமெரிக்காவுல இப்பதான் எல்லாரும் எழுந்திருப்பாங்க. ஒரே கூட்டம்" என்று விளக்கினேன். அரை மணி கழித்து, டெல்லியிலேயே ஏதோ கோளாறு என்றேன். (டெல்லி எப்படி உள்ளே வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

இரண்டு மணி நேரமாயிற்று. மாமியார் மெல்ல எழுந்தார். "பரவாயில்லை மாப்ளே, தபால்லயே வரட்டும். இருட்டறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும்." அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இருடி" என்று ரிசீவரை விட்டுவிட்டு வந்த மாமனார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன் குனிந்தார். "மாப்ளே, இது உங்க வீட்டு நம்பரில்ல?"

"ஆமா மாமா. போன் நம்பர்னு கேட்டுது. குடுத்தேன்."

"யாரோட போன் நம்பரைக் கேட்டுது?"

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. படிவத்தில் போன் நம்பர் என்று கட்டம் இருந்தால் நம்முடையதைத்தானே எழுதுவோம்? பாவம் மோடம், எங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கே போன் போட்டு, நாங்கள் பிஸி என்பதை இரண்டு மணி நேரமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

"நக்கோ பாபா, வேண்டாம்டா சாமி" என்று உஷா தலையில் கைவைத்துக்கொண்டாள். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தில் இருந்த நம்பரை மாமனார் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அடித்தேன். மோடம் கிறீச்சிட்டது, இரைந்தது, ஒருவழியாக ஒட்டிக்கொண்டது. போட்டோ மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் சுவர், அப்புறம் குல்லா, நெற்றி, இரண்டு கண்கள். "அப்படியே ரவி!" என்றார் மாமியார். உஷாவின் கண்மையை விரலில் தொட்டு, திரைக் கண்ணாடியிலேயே பேத்தியின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார். ஒரு வாரம் நாங்கள் அதைத் துடைக்கவில்லை.

அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறாள். என் நம்பர் கிடைக்காவிட்டால் உடனே உஷாவை அழைத்து, தன் அரைகுறைத் தமிழில் கேட்கிறாள்: "அத்தே, மாமா அவருக்கே போன் பண்றாரா?"